மொய் நோட்டுக்கு எந்தத் தாள்?

ஆடி பிறந்துவிட்டால் பேராவூரணி வட்டாரத்தில் அச்சகங்களுக்கு ஓய்வு இருக்காது. அது மொய் விருந்துக் காலம். பல பேர் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொண்டு, ஒரே பந்தலில் கறிவிருந்து போடுவார்கள். சாப்பிட்டுக் கை கழுவியவர்கள், தங்களுக்கு வேண்டியவரின் மேசை முன்னால் போய் நின்று மொய் எழுதுவார்கள். வந்த பணத்தில் ஒருவர் கடை வைப்பார், ஒருவர் மகளைக் கட்டிக்கொடுப்பார், ஒருவர் போர் போடுவார். அந்தப் பணத்துக்கு வட்டி கிடையாது, பத்திரமும் கிடையாது. மொய் செய்தவர் வீட்டில் விருந்து வரும்போது திருப்பிச் செய்ய வேண்டும். இடையில் ஐந்து வருடமும் ஆகலாம். அதுவரை இருக்கிற ஒரே சாட்சி மொய் நோட்டு.

ஒரு விருந்துக்குள் எத்தனை வகைத் தாள் வந்துபோகிறது என்று பாருங்கள். பளபளக்கும் அழைப்பிதழ், மெல்லிய நோட்டீஸ், கோடு போட்ட நோட்டு, இப்போது சில பந்தல்களில் கணினியில் பதிந்து கையோடு கிழித்துத் தரும் ரசீது. அழைப்பிதழின் ஆயுள் பத்து நாள். நோட்டு பல வருடம் பேச வேண்டும். ஆனால், அழைப்பிதழைத் தேர்ந்தெடுக்க அரை நாள் செலவழிக்கும் குடும்பம், நோட்டை விருந்துக்கு முதல் நாள் அவசரத்தில் வாங்குகிறது. எந்த வேலைக்கு எந்தத் தாள் என்று தெரிந்துகொண்டால் இந்தத் தவறு நடக்காது.

எடை சொல்லும் கணக்கு

“எத்தனை ஜிஎஸ்எம்ண்ணே?” அச்சகத்தில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள தாள் எத்தனை கிராம் எடை என்பதுதான் ஜிஎஸ்எம். ஏ4 தாள் பதினாறைச் சேர்த்தால் ஒரு சதுர மீட்டர் வரும். ஆகவே 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம். 500 தாள் கொண்ட கட்டு இரண்டரைக் கிலோ. கட்டைத் தராசில் வைத்தாலே, சொன்ன தாள்தானா என்று தெரிந்துவிடும்.

செய்தித்தாள் அச்சாகும் நியூஸ் பிரிண்ட் 45 ஜிஎஸ்எம் அளவில் இருக்கும். புத்தகமும் நோட்டும் பெரும்பாலும் 60 முதல் 80 வரை. கல்யாண அட்டை 250, 300 என்று போகும். ஆனால் எடை பாதிக் கதைதான். மீதிக் கதை, மையைத் தாள் எப்படிக் குடிக்கிறது என்பதில் இருக்கிறது.

நியூஸ் பிரிண்ட் மையைச் சட்டென்று உறிஞ்சும். ஓடும் இயந்திரத்தில் மணிக்கு ஆயிரக்கணக்கில் அடிக்க அதுதான் வசதி. ஆனால் மரத்தை அப்படியே அரைத்த கூழில் மரத்தின் லிக்னின் தங்கிவிடும். வெயில் பட்டால் அது பழுப்பேறும். ஜன்னலோரம் கிடந்த பழைய பேப்பரின் நிறத்துக்குக் காரணம் இதுதான். புத்தகத்துக்கான மேப்லித்தோவில் ரசாயன முறையில் லிக்னினைப் பெரும்பாலும் நீக்கி, பசையும் ஏற்றியிருப்பார்கள். பேனா மை பரவாது, சீக்கிரம் பழுக்காது. ஆர்ட் பேப்பரின் மேல் வெள்ளைக் களிமண் போன்ற பூச்சு இருக்கும். மை மேலேயே நிற்பதால் படம் பளிச்சென்று விழும். அதே காரணத்தால் பேனா அதில் சரியாக ஓடாது. நனைந்தால் பூச்சு கரைந்து, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

பச்சையும் புழுங்கலும்

தாள் மை குடிப்பதை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் சீனர்கள். கி.பி. 105-இல் சாய் லுன் என்ற அரண்மனை அதிகாரி, மரப்பட்டை, சணல், கந்தல் துணி, பழைய மீன் வலை ஆகியவற்றிலிருந்து தாள் செய்யும் முறையை மன்னரிடம் காட்டினார் என்கிறது அவர்கள் வரலாறு. தூரிகை எழுத்துக்கு இன்றும் அவர்கள் பெரிதும் மதிப்பது, அன்ஹுயி மாகாணத்தின் ஜிங் மாவட்டத்தில் கையால் செய்யப்படும் சுவான் தாள். அந்தக் கைவினையை 2009-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் கலைகளின் பட்டியலில் சேர்த்தது.

நெல் விளைகிற ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம், அதில் என்ன இருக்கிறது என்பது. ஒன்று, சிங்தான் என்ற மரத்தின் பட்டை. இன்னொன்று, வைக்கோல்! பட்டையின் நீண்ட நார் தாளுக்கு உறுதி தருகிறது, வைக்கோலின் குட்டை நார் மென்மை தருகிறது. பட்டை கூடினால் கிழியாது, வைக்கோல் கூடினால் மை நன்றாக ஊறும். வைக்கோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மலைச்சரிவில் பரப்பி, வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் வெளுக்க விடுகிறார்கள்.

சுவானிலும் இரண்டு ரகம் முக்கியம். நம்மூர் அரிசி மாதிரியே ஒன்று ‘பச்சை’, இன்னொன்று ‘வெந்தது’. சீனத்திலும் அதே பொருளில்தான் அழைக்கிறார்கள். பச்சைத் தாளில் எதுவும் பூசுவதில்லை. தூரிகை பட்டதும் மை பரவும், கை ஒரு நொடி தயங்கினாலும் அங்கே திட்டு விழும். தேர்ந்த எழுத்தாளர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள். வெந்த தாளில் படிகாரமும் பசையும் ஏற்றியிருப்பார்கள். மை வைத்த இடத்தில் நிற்கும், இழை இழையாகச் சித்திரம் தீட்ட அது ஏற்றது. எழுதிப் பழகும் பிள்ளைகளுக்கு இரண்டும் தருவதில்லை. மூங்கிலில் செய்த, மஞ்சள் சாயல் கொண்ட மலிவுத் தாளைத் தருகிறார்கள்.

அவர்கள் மை, புகைக்கரியையும் பசையையும் சேர்த்துக் கட்டியாக்கி, கல்லில் உரைத்து எடுப்பது. கரி வெளுக்காது. காய்ந்தபின் தண்ணீருக்கும் எளிதில் அசையாது. நம் முன்னோர் எழுத்தாணியால் ஓலையில் கீறி, அதன்மேல் கரியைத் தேய்த்ததும் இதே பலத்தை நம்பித்தான்.

தாள் குறைந்தால் எழுத்தும் சிறுக்கும்

தமிழ் அச்சின் வரலாற்றிலும் தாள்தான் பல முடிவுகளை எடுத்திருக்கிறது. பேராவூரணியிலிருந்து வடக்கே, இதே சோழ மண்டலக் கரையில் இருக்கும் தரங்கம்பாடியில் சீகன்பால்கு 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சுக்கூடம் அமைத்தார். ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரியவை. அவற்றால் அச்சடித்தால், கப்பலில் வந்த தாள் போதாது. ஆகவே சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தார்கள். ஈயத்துக்கு, பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் தகடு பயன்பட்டது. 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. தாளுக்குக் கப்பலையே நம்பியிருக்க முடியாது என்று பக்கத்துப் பொறையாறில் காகித ஆலை ஒன்றும் தொடங்கினார்கள்.

காவிரிக் கரையில் இன்றும் தாள் பிறக்கிறது. கரூர் மாவட்டம் புகழூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979-இல் தொடங்கப்பட்டது. சர்க்கரை ஆலைகளில் சாறு பிழிந்தபின் மிஞ்சும் கரும்புச் சக்கைதான் அதன் முக்கிய மூலப்பொருள். அப்படியென்றால் டெல்டாவின் வைக்கோலில் ஏன் தாள் செய்யவில்லை? நெல் வைக்கோலில் மணல் போன்ற சிலிகா அதிகம். பெரிய ஆலைகளில், கூழ் காய்ச்சிய ரசாயனத்தை மீட்டெடுக்க அது இடைஞ்சல் செய்கிறது. அதனால் இங்கே வைக்கோல் மாட்டுக்கே போகிறது.

வீட்டில் செய்ய வேண்டியது

மொய் நோட்டு வாங்கும்போது அட்டைப் படத்தைப் பார்க்காமல் உள்தாளைப் பாருங்கள். 70 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத, பளபளப்பு இல்லாத வெள்ளைத் தாளே நல்லது. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதி, தாளைத் திருப்புங்கள். மை மறுபக்கம் ஊறியிருந்தால் வேண்டாம். பின் அடித்த நோட்டைவிட, நூலால் தைத்து பைண்டிங் செய்த குயர் நோட்டு நிற்கும். பின் துருப்பிடித்தால் அதைச் சுற்றியுள்ள தாளும் பொடியும்.

எழுத பால்பாயின்ட் பேனா போதும், அந்த மையில் எண்ணெய் இருப்பதால் தண்ணீரில் சுலபமாகக் கரையாது. மைப்பேனாவும் பல ஜெல் பேனாக்களும் நனைந்தால் ஓடும். கணினியில் அச்சடிப்பதானால் இங்க்ஜெட்டைவிட லேசர் பிரிண்டர் நல்லது. அதில் தூளை உருக்கித் தாளோடு ஒட்டுகிறார்கள்.

கையோடு கிழித்துத் தரும் ரசீதில் மையே கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் பூச்சுதான் அங்கே எழுத்தாகிறது. வெயில், எண்ணெய்க் கை, பிளாஸ்டிக் உறை எது பட்டாலும் நாளடைவில் எழுத்து மறையும். பத்திரப்படுத்துகிறோம் என்று லேமினேஷன் செய்தால், அந்தச் சூட்டிலேயே ரசீது முழுவதும் கறுத்துவிடும். ஏடிஎம் சீட்டு, கடை பில், வாரண்டி ரசீது பலவும் இதே ரகம்தான். வாங்கிய வாரத்திலேயே ஜெராக்ஸ் எடுத்து வைப்பதே வழி. செல்போனில் படமும் எடுத்துக்கொள்ளலாம்.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது, இந்த வட்டாரத்தில் தென்னை மட்டும் சாயவில்லை. ஓடும் கூரையும் போன வீடுகளில் பெட்டியிலிருந்த காகிதங்களும் நனைந்தன. அப்படி நனைந்த நோட்டைப் பக்கம் பக்கமாக இழுத்துப் பிரிக்கக் கூடாது. இடையிடையே அச்சில்லாத வெள்ளைத் தாளைச் செருகி, மின்விசிறிக் காற்றில் காயவிட்டு, தாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நேர் வெயிலும் இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம். அச்சடித்த செய்தித்தாளைச் செருகினால் அதன் மை இதில் ஏறும்.

நோட்டுக்குக் கூடுதலாகக் கொடுப்பது நூறு இருநூறு ரூபாய்தான். அதில் எழுதப்படுவது லட்சங்கள். அதைவிட, இன்னார் வீட்டார் வாங்கியதை மறக்காமல் திருப்பிச் செய்வார்கள் என்ற பெயர். ஒரு பெயர் அழிந்து, அந்த வீட்டு விருந்துக்குப் போகாமல் விட்டால், நோட்டு நனைந்துவிட்டது என்ற சமாதானம் உறவுக்குள் எடுபடாது. இந்த ஆடிக்கு அழைப்பிதழ் பார்க்கப் போகிறவர்கள், அதே கடையில் முதலில் நோட்டைக் கேட்டு வாங்கட்டும்.