ஃப்ரெட்டைப் பிடுங்கினா பாவமா?

செகண்ட் ஹேண்ட் பேஸ் கிட்டார் ஒண்ணு வாங்கி, அதிலிருக்கிற ஃப்ரெட்டை எல்லாம் பிடுங்கிட்டு ஃப்ரெட்லெஸ் ஆக்குறேன்னு சொன்னா, இங்கே நம்ம ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி: "நல்லா இருக்கிறதை ஏன்யா கெடுக்கிறே, புதுசே வாங்கலாமே?" நாலு பேர் இதையே கேட்டாச்சு. அதனால் மொத்தமா ஒரே இடத்தில் பதில் சொல்லிடறேன்.

நான் கொழிஞ்சாம்பாறை பக்கத்து ஆள். பாலக்காடு ஜில்லா, கேரளா. ஆனா வீட்டிலும் சந்தையிலும் தமிழ்தான். ரொம்ப தூரமில்லாம பெருவெம்பு இருக்கு. செண்டை, மத்தளம், மிருதங்கம், இடக்கை எல்லாம் செய்யுற கிராமம். பாலக்காட்டு மத்தளத்துக்குப் புவிசார் குறியீடுகூட உண்டு. பலா மரத்தைக் கடைஞ்சு செய்த கட்டை பல பத்து வருஷம் உழைக்கும், குருகிட்டேயிருந்து சிஷ்யனுக்குப் போகும். மூட்டு தேயும், வார் தளரும், கரணை உதிரும். அதை எல்லாம் மாத்திக்கிட்டே இருப்பாங்க. மூட்டு மாத்தின மிருதங்கத்தைப் பார்த்து "ஐயோ, ஒரிஜினல் போச்சே"ன்னு யாராவது அழுது பார்த்திருக்கீங்களா?

வீணையும் அப்படித்தான். 24 மெட்டும் மெழுகிலதான் நிக்குது. மெழுகு இளகினா, சுருதி விலகினா, பிரிச்சு மறுபடி மேளம் கட்டுவாங்க. மெட்டே இல்லாத கோட்டுவாத்தியமும் நம்மகிட்டதான் இருக்கு. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் இரட்டைத் தந்தி மாண்டலினை அப்படியே வாசிக்கலை, ஒற்றைத் தந்தியா அஞ்சு தந்தி போட்ட எலெக்ட்ரிக் மாண்டலின்ல வாசிச்சார். வாத்தியத்தைத் தன் தேவைக்கு மாத்திக்கிறது நம்ம சம்பிரதாயத்துக்கு உள்ளேயே இருக்கிற விஷயம். கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைக்கிறதுதான் நமக்குப் புதுசு.

சரி, ஃப்ரெட் இல்லைன்னா என்ன லாபம்? கமகம். ஃப்ரெட் இருந்தா ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்குப் படி ஏறுறோம், இல்லைன்னா சறுக்கு மரம். ஆல் இந்தியா ரேடியோ 1940-ல ஆர்மோனியத்தைத் தடை பண்ணினதுக்கு இதுவும் ஒரு காரணம்: அதில் கமகம் வராது. 1971 வரைக்கும் அந்தத் தடை இருந்தது. (எனக்கு அந்தத் தடை பிடிக்காது. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தொழிலாளிகள் நடுவில் பாவலர் வரதராசன் பாடின பாட்டு எத்தனை கமகம் இருந்ததுன்னு பார்த்தா அவங்க மனசில் போய் உட்கார்ந்தது? அவர் கூடவே ஊர் ஊரா போய்ப் பாடின தம்பிதான் பின்னாடி இளையராஜா ஆனார். அவர் பாட்டில் வர்ற பேஸ் லைனை முணுமுணுக்காத தமிழ் வீடு இந்த ஊரிலும் இல்லை.)

ஃப்ரெட் பிடுங்கிறது என் கண்டுபிடிப்பும் இல்லை. ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் பழைய ஃபெண்டர் ஜாஸ் பேஸ்ல ஃப்ரெட்டை எடுத்துட்டு, பள்ளத்தை நிரப்பி, படகுக்குப் பூசுற எபாக்ஸியைப் பூசினார். 1976-ல வந்த அவரோட முதல் சோலோ ஆல்பத்துக்கு அப்புறம் உலகமே அந்தச் சத்தத்துக்குப் பின்னாடி ஓடிச்சு.

வேலை ராக்கெட் விஞ்ஞானம் இல்லை, பொறுமைதான் வேணும். சால்டரிங் அயனால ஃப்ரெட்டைச் சூடாக்கி, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமா நெம்பணும். அவசரப்பட்டா மரம் சில்லு சில்லா பேந்து வரும். பள்ளத்தில் மெல்லிய மரப் பட்டையை ஒட்டி, சமமா தேய்க்கணும். ஃப்ரெட் போனதும் தந்தி உயரமாயிடும். அதனால் நட்டை இழைச்சு இறக்கணும், டிரஸ் ராடையும் பார்க்கணும், ஒரேயடியா முறுக்கக் கூடாது, கால் சுத்து திருப்பிட்டு ஒரு நாள் விடணும். குளிர் நாட்டில் இருக்கிறவங்களுக்கு இன்னொண்ணு: ஹீட்டர் ஓடுற வீட்டில் மரம் காஞ்சு சுருங்கும். மூணாறு மழைக்கும் பாலக்காட்டுக் கணவாய்க் காத்துக்கும் மரம் என்ன பாடு படும்னு தெரிஞ்ச நமக்கு இதைச் சொல்லித் தரணுமா?

எனக்கு உண்மையான கவலை வேற. நம்ம பிள்ளைங்க இங்கே கீபோர்டுல ஆரம்பிக்குது. கட்டையை அமுக்கினா சரியான ஸ்வரம் வருது, காதுக்கு வேலையே இல்லை. அஞ்சு வருஷம் கிளாஸ் போன பிள்ளைக்குத் தன் குரல் சுருதி விலகினது தெரியலை. ஃப்ரெட்லெஸ்ல விரல் ஒரு நூல் தள்ளினாலும் அபஸ்வரம் முகத்தில் அடிக்கும். அந்த அடி நல்லது.

அடுத்தது, கை வேலை செய்யுறவங்க மேல நமக்கு இருக்கிற அலட்சியம். பாலக்காடு மணி ஐயர் பேரைச் சொன்னா கன்னத்தில் போட்டுக்கிறோம். அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்து பேர் எத்தனை பேருக்குத் தெரியும்? டி.எம். கிருஷ்ணா 2020-ல 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்'னு மிருதங்கம் செய்யுறவங்களைப் பத்தி ஒரு புத்தகமே எழுத வேண்டியிருந்தது. தோலைத் தொடுறவனை வாசல்லயே நிறுத்திட்டு, தோலிலிருந்து வர்ற நாதத்தை மட்டும் பூஜை அறைக்குள்ள கொண்டுபோன கூட்டம் நாம. ரிப்பேர்காரர் கேட்கிற கூலியை இங்கேயும் பேரம் பேசுறோம். ஒரு தடவை நாமே மரத்தைத் தேய்ச்சுப் பார்த்தா அந்தக் கூலி எவ்வளவு கம்மின்னு தோள்பட்டை சொல்லும்.

எல்லா கிட்டாரையும் பிடுங்குங்கன்னு சொல்ல வரலை. ஃப்ரெட் நல்லா இருக்கிற, அபூர்வமான பழசு கிடைச்சா கை வைக்காதீங்க. ஃப்ரெட் தேஞ்சு, சல்லிசா வர்றதைப் பாருங்க. கழுத்து முறுக்கியிருந்தா சும்மா கொடுத்தாலும் வேண்டாம். ஃப்ரெட் இருந்த இடத்தில் வெளிர் நிறப் பட்டை வெச்சா கோடு தெரியும், விரல் சரியா அந்தக் கோட்டு மேலயே விழணும். கோடு வெச்சுக்கிட்டா கௌரவக் குறைச்சல்னு சில பண்டிதருங்க சொல்லுவாங்க. வெச்சுக்கோங்க, ஒண்ணும் ஆகாது.