குறுக்கு விசாரணை செய்த தம்பியைத் திட்டாதீர்கள்



என்னிடம் படித்து இன்று தருமபுரி கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் தம்பியை, "குடிகாரனுக்கு வக்காலத்து வாங்குகிறான்" என்று நேற்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு ஏசினீர்கள். அவன் செய்த குற்றம் என்ன? போலீஸ் தரப்புச் சாட்சியாக வந்த டாக்டரிடம், "ரத்தம் எடுத்தீர்களா? எத்தனை மணிக்கு?" என்று கேட்டான்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவன் மேல் எனக்கு இரக்கம் கிடையாது. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பிள்ளையைத் தொப்பூர் கணவாயில் லாரிக்குப் பறிகொடுத்தவன் நான். டிரைவர் நிறை போதை என்று ஊரே சொன்னது. டாக்டர் சான்றிதழில் இருந்ததோ "மது வாசனை வருகிறது" என்ற ஒற்றை வரி. ரத்தம் எடுக்கவே இல்லை. குடித்திருந்தார் என்பது கோர்ட்டில் நிற்கவில்லை. அன்று நானும் எதிர்த்தரப்பு வக்கீலைத்தான் சபித்தேன். தப்பு.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185 கேட்பது வாசனையை அல்ல, அளவை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருக்க வேண்டும். வாசனை, தள்ளாட்டம், விரிந்த கண்மணி இவற்றை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1971-லேயே சொல்லிவிட்டது. இன்னும் நாம் மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கிறோம்!

சல்மான் கான் வழக்கைப் பாருங்கள். 2002-ல் நடந்த விபத்து. ரத்தத்தில் 62 மில்லிகிராம் என்றது ஆய்வறிக்கை. எடுத்தது 6 மில்லி, ஆய்வகத்துக்கு வந்தது 4 மில்லி, மீதி எங்கே என்று ஆய்வாளரைக் குடைந்தார்கள் வக்கீல்கள். ரத்த மாதிரி கைமாறிய விதத்தையும் குறை சொல்லி, 2015 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

நம் ஊர் டாட்டா ஏஸ் டிரைவருக்கு? "ஒப்புக்கோப்பா, சீக்கிரம் முடியும்" என்பார்கள். 10,000 ரூபாய் கட்டிவிட்டு வருவான். ஊதிய கருவியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள், வாயில் மிச்சமிருந்த மருந்தோ மவுத்வாஷோ அளவைக் கூட்டியிருக்குமா, கால் மணி நேரம் பொறுத்து மறுபடி ஊதச் சொன்னார்களா என்று அவனுக்காகக் கேட்க ஆளில்லை. அதைக் கேட்ட ஒருத்தனையும் நீங்கள் ஏசுகிறீர்கள்.

நான் திருத்திய தாளிலேயே கூட்டல் தப்பு வந்ததுண்டு. கேட்ட பெற்றோர் மேல் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதுதான் சரி. நேரம் குறித்து, முத்திரை வைத்து, ஒழுங்காக ரத்தம் எடுத்தனுப்பிய டாக்டர் எந்தக் கேள்விக்கும் பயப்பட வேண்டாம். பத்து நிமிடத்தில் கூண்டை விட்டு இறங்கிவிடலாம். திட்டுவதானால், ரத்தம் எடுக்காமல் வாசனையை எழுதி அனுப்புகிறவர்களைத் திட்டுங்கள்.

தம்பி, இதைப் படித்தால் அடுத்த வாய்தா தேதியைச் சொல்லப்பா. நானும் வந்து உட்காருகிறேன்.