அடங்கிப்போவதற்கு இன்னொரு பெயர் நிதானம்

நான் வேலை பார்த்த மென்பொருள் நிறுவனத்தில் ஒருநாள் எங்கள் அணியின் எட்டுப் பேரையும் உட்காரவைத்து ஒரு வினாத்தாளைக் கொடுத்தார்கள். கூட்டத்தில் முதலில் பேசுவீர்களா, மற்றவர் பேசி முடிக்கக் காத்திருப்பீர்களா என்பது போன்ற கேள்விகள். மாலையில் நான்கு எழுத்துகளில் ஆளுக்கொன்று கிடைத்தது. மேலாளருக்கு ‘டி’, அதாவது ஆதிக்கம் செலுத்துபவர். எனக்கு ‘எஸ்’, ஸ்டெடினஸ். நிதானமானவர், விட்டுக்கொடுப்பவர், நெருக்கடியில் பதறாதவர் என்று பயிற்சியாளர் விளக்க, எல்லோரும் கைதட்டினார்கள். ‘எஸ்’ வாங்கியவர்கள் இரண்டே பேர். இருவருமே சேரியிலிருந்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிகள். தற்செயல் என்று நீங்கள் சொல்லலாம்.

இந்த ‘டிஸ்க்’ முறையின் வேர், வில்லியம் மார்ஸ்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1928இல் எழுதிய நூலில் இருக்கிறது. (வொண்டர் வுமன் சித்திரக்கதையை உருவாக்கியவரும் இவர்தான்.) அவருடைய பட்டியலில் ‘எஸ்’ என்றால் ஸ்டெடினஸ் இல்லை, சப்மிஷன். அடங்கிப்போதல். அவர் அதை வசையாகச் சொல்லவில்லை, விரும்பி அடங்குவதையே சொன்னார். பின்னால் வந்தவர்கள் பெயரை மாற்றினார்கள். எனக்கென்னவோ பழைய பெயர்தான் நேர்மையாகப் படுகிறது.

சில மாதங்கள் கழித்து, ஒரு வாடிக்கையாளரின் டேட்டாபேஸை நள்ளிரவில் புதிய சர்வருக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். விடிவதற்குள் முடித்தாக வேண்டும். பேக்கப் பாதியில் நின்றுபோயிருந்ததை நான் பார்த்துவிட்டேன். “சார், பேக்கப்பை ஒருதடவை செக் பண்ணிடலாமா?” என்றேன். (மற்றவர்கள் மேலாளரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு மட்டும் ‘சார்’தான் வரும்.) “அதெல்லாம் பண்ணியாச்சுப்பா” என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். காலையில் அரைநாள் டேட்டா போயிருந்தது. விசாரணையில் ‘ஏன் அழுத்திச் சொல்லவில்லை?’ என்று கேட்டார்கள். அந்த ஆண்டு மதிப்பீட்டில் ‘கம்யூனிகேஷன் போதாது’ என்று எழுதினார்கள்.

என் தாத்தா ஊர் ஏரியின் நீர்க்கட்டி. மடை திறப்பதும் மூடுவதும் அவர் வேலை. அந்தத் தண்ணீர் பாய்ந்த நிலத்தில் ஒரு குழிகூட அவருக்குச் சொந்தமில்லை. கரையில் கசிவு கண்டால் முதலில் பார்ப்பவர் அவர்தான். ஆனால் “கரை உடையப்போகுது” என்று அவரால் சொல்ல முடியாது. ஆண்டை வீட்டுக்கு வெளியே தெருவில் நின்றபடி, “ஐயா ஒருதரம் அந்தப் பக்கம் வந்து பாத்தீங்கன்னா தேவல” என்பாராம். உறுதியாகச் சொன்னால் திமிர். சொன்னது பொய்த்துப்போனால் அடி. தெரிந்த உண்மையைக் கேள்வியாகச் சுற்றிக் கொடுக்கிற அந்தப் பேச்சைத்தான் வினாத்தாள் என்னுடைய பிறவிக்குணம் என்று எழுதிவைத்தது.

மேலே இருப்பவரிடம் உண்மையைக் கேள்வியாகச் சொல்வது உலகம் முழுக்க நடப்பதுதான். 1977 மார்ச் 27, கேனரித் தீவுகளின் டெனெரிஃப் விமான நிலையம். மூடுபனி. ஓடுபாதையில் பான் ஆம் விமானம் இன்னும் இருக்கிறது. கேஎல்எம் விமானத்தின் கேப்டன், அந்த நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவில் மூத்தவர், புறப்பட அனுமதி வருமுன்பே கிளப்புகிறார். ஃப்ளைட் இன்ஜினியர், அந்த விமானம் இன்னும் விலகவில்லையா என்று கேட்கிறார். கேட்கத்தான் செய்கிறார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்திச் சொல்கிறார். இரண்டு விமானங்களிலுமாக 583 பேர் இறந்தார்கள். பிறகு, 1979இல் நாசா நடத்திய பட்டறையிலிருந்து வளர்ந்த பயிற்சி முறை, கீழே இருப்பவரைத் துணிந்து பேசச் சொன்னதோடு நிற்கவில்லை. கேட்டு வாங்கும் பொறுப்பைக் கேப்டன் தலையிலும் வைத்தது. என் மதிப்பீட்டில் அந்தப் பாதி இல்லவே இல்லை. இன்னொன்றும் உண்டு. அந்த இன்ஜினியர் விமானத்தை விட்டு இறங்கினால் அவருக்கு மேலே கேப்டன் கிடையாது. என் தாத்தா எதை விட்டு இறங்குவார்?

நிறுவனத்தைத் திட்டுவது எளிது. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளம். தென்சென்னையில் நிவாரண வேலைக்குப் போன எங்கள் குழுவுக்கு நான் ஒருங்கிணைப்பாளர். கையில் இரண்டு போன், இரண்டும் ஓயவில்லை. அந்தப் பகுதிக் கல்லூரி மாணவி ஒருவர் வந்து, “தோழர், பின்னாடித் தெருவுக்கு போட் போகுமா?” என்று கேட்டார். “போகும், போகும்” என்று சொல்லிவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தேன். அந்தத் தெருவுக்கு இரண்டு நாளாக யாருமே போகவில்லை என்பதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். மறுநாள் மாலைதான் எனக்கு உறைத்தது. மாத்திரை தீர்ந்துபோன அவருடைய பாட்டி அதுவரை மொட்டைமாடியில் இருந்தார்.

இப்போது களத்துக்குக் கிளம்பும் முன் புதிதாக வந்தவர்தான் முதலில் பேசுவார், ஒருங்கிணைப்பாளர் கடைசியில். யாராவது கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்வதில்லை, “என்ன பாத்தீங்க?” என்று திருப்பிக் கேட்கிறோம். நேரம் பிடிக்கிறது. தோழர்கள் சிலர் சலித்துக்கொள்கிறார்கள், நானும்தான்.

அந்த மாணவி இப்போது எங்கள் குழுவில் இருக்கிறார். போன மாதம் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே, “தோழர், நிறுத்துங்க, நீங்க சொல்றது தப்பு” என்றார். சுருக்கென்றது. ‘என்ன திமிர்’ என்பது என் வாய்வரை வந்துவிட்டது. கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, என்ன தப்பு என்று கேட்டேன்.