சத்தம் போனால் போதுமா?

"டேப்பட் சத்தம் சார். ஒரு சுத்து டைட் வெச்சா போயிடும்."

ஆவடியிலிருந்து திருவள்ளூர் வரை சி.டி.எச். ரோட்டில் எந்தப் புல்லட் பட்டறையில் பத்து நிமிடம் நின்றாலும் இந்த வாக்கியம் காதில் விழும். இதைக் கேட்டுத் திருப்தியோடு தலையாட்டும் நம் வயதுக்காரர்களும் அங்கே நிற்பார்கள். எனக்குச் சண்டை அந்த இரண்டு பேரோடும்தான்.

பழைய வார்ப்பிரும்பு புல்லட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1955-ல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் செய்து நாடெங்கும் ஓடவிட்ட அதே வண்டி. அதில் கேமின் மேல் தட்டையான அடிப்பாகம் கொண்ட டேப்பட் உட்கார்ந்திருக்கும். அதற்கு மேல் புஷ்ராடு, அதற்கு மேல் ராக்கர், கடைசியில் வால்வு. சிலிண்டரின் வலப்பக்கம் உள்ள சின்ன மூடியைக் கழற்றினால் திருகு தெரியும். என்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது, பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, புஷ்ராடை விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். தாராளமாகச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக்கூடாது. அவ்வளவுதான் வித்தை.

அதற்கு மேல் இறுக்கினால் என்ன ஆகும்? சத்தம் போகும். வால்வும் போகும். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை ஹெட்டுக்கு இறக்கிவிடுவது, மூடியிருக்கும் நேரத்தில் சீட்டின் வழியாகத்தான். முழுதாக உட்கார இடமில்லாவிட்டால் சூடு இறங்காது. விளிம்பு கருகும். ஆறு மாதம் கழித்து "கம்ப்ரஷன் இல்லை சார்" என்று அதே பட்டறையில் அதே ஆள் சொல்வார். நாமும் "வண்டிக்கு வயசாயிடுச்சு" என்று நம்மையே தேற்றிக்கொண்டு பணம் எடுத்துக் கொடுப்போம்.

நிற்க. 2008-ல் தண்டர்பேர்டிலும் 2009-ல் கிளாசிக்கிலும் புது என்ஜின் வந்தது. புஷ்ராடு பழையபடியே இருந்தது. ஆனால் கேமின் மேல் தட்டை அடிக்குப் பதில் உருளும் ரோலர். டேப்பட்டுக்குள் ஆயில் நிரம்பி இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் ஏற்பாடு. இறுக்கத் திருகே கிடையாது. அந்த வாக்கியம் அதோடு செத்துப்போயிருக்க வேண்டும். செத்தது, இன்னொன்று பிறந்தது: "செட்டையே மாத்தணும் சார்."

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கிளாசிக்குக்கு நடந்தது இதுதான். டிக் டிக் என்று சத்தம். கேமும் ரோலர் டேப்பட்டும் புதிதாக மாற்றினார்கள். பாதி மாதப் பென்ஷனுக்கு மேல் பில். வீட்டுக்கு வந்த வண்டி முன்னைவிடக் கூடுதலாகவே சத்தம் போட்டது. மறுபடி போனபோது தடிமனான ஆயில் ஊற்றினார்கள். மூன்றாம் தடவை, "போர் பண்ணிப் பார்க்கலாம்." பார்க்கலாமாம்!

நான் மெக்கானிக் அல்ல. அரசு ஜீப்புகளின் பழுதுக் கோப்புகளோடு முப்பது வருடம் குப்பை கொட்டிய எழுத்தர். 'என்ஜினில் சத்தம், ஓவர்ஹால் தேவை' என்று ஒற்றை வரியில் வரும் கோப்பை அப்படியே திருப்பி அனுப்புவேன். எங்கே சத்தம், எப்போது சத்தம் என்று எழுதி வரட்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவனுக்கு இந்தப் பிடிவாதம் ரத்தத்தில் ஊறியது. ஜியோமெட்ரி வகுப்பில் 'தோங்க்' என்று எழுதிவிட்டு, அதாவது 'ஆகவே' என்று எழுதிவிட்டு, அதற்கு மேலே காரணம் இல்லையென்றால் விரல் முட்டியில் ஸ்கேல் விழும்.

சத்தத்துக்கும் காரணம் கேட்கலாம். கேம், கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும். என்ஜின் ஆயிரம் சுற்று ஓடினால் ஒரு வால்வு தட்டுவது ஐந்நூறு முறை. அந்தத் தாளத்தில் வருகிறதா என்று முதலில் கேளுங்கள். குளிரில் மட்டும் வந்து சூடேறியதும் அடங்கினால் பிஸ்டனாக இருக்கலாம், புகைக் கசிவாகவும் இருக்கலாம். ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி தட்டிவிட்டு நின்றால், வண்டி சும்மா நின்றபோது ஹைட்ராலிக் டேப்பட்டிலிருந்து ஆயில் இறங்கியிருக்கிறது. புல்லட்டில் கேமைச் சுழற்றுவது பல்சக்கரம். பல் இடைவெளி கூடினால் அதுவும் பேசும். நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை என்ஜினில் ஓரிடம் ஓரிடமாக வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டால் எங்கே பலமாக இருக்கிறதென்று தெரிந்துவிடும். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைப்பதில்லையா?

பழைய என்ஜினில் ரோலர் கேம் போடும் பழக்கம் அமெரிக்காவில் அதிகம். செவ்ரோலேயின் சிறிய வி-8 என்ஜினுக்கு ஆலையிலேயே ரோலர் வந்தது 1987-ல். அதற்கு முந்தைய என்ஜின்களில் பிரியர்கள் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். தட்டை டேப்பட்டுக்கான கேமில் மேடுகள் மிக லேசாகச் சரிந்திருக்கும். அந்தச் சரிவுதான் டேப்பட்டைச் சுழலவைக்கும், கேமையும் பின்னோக்கித் தள்ளி ஓரிடத்தில் நிறுத்தும். ரோலர் கேமில் சரிவு கிடையாது. முன்னால் ஒரு தடுப்பு வைக்காவிட்டால் கேம் முன்னும் பின்னும் நகர்ந்து தட்டும். புஷ்ராடு நீளத்தையும் புதிதாக அளந்தே போட வேண்டும். இதெல்லாம் தெரியாமல் ராக்கரைத் திருகிக்கொண்டே இருந்தால் சத்தம் போகவே போகாது. தட்டுவது வேறிடம். (கேம்ஷாஃப்ட்டைப் பிரெஞ்சில் 'கேம் மரம்' என்போம். மரம் ஆடும்போது கிளையைப் பிடித்து என்ன பயன்?)

ஆசிரியர் வண்டிக்கு வருகிறேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பலமாக டிக்கும், பத்து நிமிடத்தில் பாதியாகக் குறையும் என்றார். சைலன்சர் குழாய் ஹெட்டில் சேரும் இடத்தில் கறுப்புக் கரி படிந்திருந்தது. புகை கசிந்தால் அச்சு அசலாக டேப்பட் போலவே தட்டும். உலோகம் சூடாகி விரிந்தால் இடுக்கு அடைபடும். ஒரு கேஸ்கெட், இரண்டு நட்டு. பழைய சத்தம் நின்றது. மீதமிருந்த சத்தம் புதுச் செட்டினுடையது. தடி ஆயிலை எடுத்துவிட்டு, கம்பெனி சொல்லும் 15டபிள்யூ-50 ஊற்றி ஓட்டியபின் அதுவும் அடங்கியது.

பட்டறைக்காரர்களை மட்டும் திட்டினால் நான் நியாயவான் இல்லை. அரை மணி நேரம் காது கொடுத்துக் கேட்டு, "கேஸ்கெட்தான் சார்" என்று சொல்பவருக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? "ஒரு நட்டு முறுக்கினதுக்கு இவ்வளவா?" என்று பேரம் பேசுகிறோம். அதே ஆள் ஆயிரக்கணக்கில் சாமான் மாற்றினால் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம். கேட்பதற்குக் கூலி இல்லாத ஊரில் எவன் கேட்பான்? சாமானை விற்றுத்தான் பிழைப்பான். முதலில் 'பார்க்கும் கூலி' என்று தனியாகப் பேசிக் கொடுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கி வாருங்கள்.

ஆசிரியர் கேட்டு வாங்கி வந்திருந்தார். தினத்தந்தியில் சுற்றியிருந்த அந்தக் கேமையும் ரோலரையும் திண்ணையில் பிரித்து வைத்து, மண்ணெண்ணெயில் கழுவி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். மேட்டில் ஒரு கீறல் இல்லை. ரோலர் வழவழவென்று சுழன்றது.