நடுச்சாமத்துப் பல்வலி!

முத்து நகர் என்று பெயர்! பல்லுக்கு முத்தை உவமை சொல்லிச் சொல்லியே புலவர்கள் ஓய்ந்தார்கள். அந்த நகரிலே, மூட்டை சுமக்கும் தோழரின் கடைவாய்ப் பல் நடுச்சாமத்தில் குத்தத் தொடங்கினால் அவர் எங்கே போவார்?

“சொத்தைப் பல்லுக்குமா தலையங்கம்?” என்று கேலி பேசுவோர், ஓர் இரவு அந்த வலியோடு விழித்திருந்துவிட்டுப் பேசட்டும்!

பகலெல்லாம் பொறுத்த வலி, படுத்ததும் ஏன் பாய்கிறது? தலை தாழ்ந்ததும் அந்தப் பக்கம் இரத்த ஓட்டம் மிகுகிறது. வீங்க இடமில்லாத பல்லின் கூட்டுக்குள் அழுத்தம் ஏறுகிறது. பல்லில் புழு நெளிவதாகச் சொல்லிப் புகைபோட்டுக் காசு பறிப்பவனை நம்பாதீர்கள்! தலையணையை உயர்த்திப் படுங்கள். வெதுவெதுப்பான நீரில் உப்பிட்டுக் கொப்பளியுங்கள். நம் ஊரில் உப்புக்கா பஞ்சம்? கன்னத்தின் வெளிப்புறம் துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம். பஞ்சில் ஒரு சொட்டுக் கிராம்புத் தைலம் தொட்டுப் பல்லில் வைத்தால் சற்றே மரத்துப்போகும். பெரியவர்கள் 500 மில்லிகிராம் பாரசிட்டமால் ஒன்றோ இரண்டோ விழுங்கலாம். மறுமுறைக்கு 4 மணி நேரமாவது போகவேண்டும். நாளொன்றுக்கு 8-க்கு மேல் கூடாது. குடிப்பழக்கமோ ஈரல் நோயோ உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம். ஆஸ்பிரினை ஈறில் வைத்து அழுத்தினால் புண்ணாகும். புகையிலை அடக்குவதோ, வாய்ப் புற்றுக்கு வாசல் திறப்பது.

கன்னமும் கழுத்தும் வீங்கி, காய்ச்சல் கண்டு, விழுங்கவோ மூச்சுவிடவோ திணறினால் விடியலுக்குக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். சீழ் கழுத்துக்கு இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

இத்தனையும் இரவைக் கடத்தத்தான். சொத்தையை அடைப்பதும், வேர்ச் சிகிச்சை செய்வதும், பிடுங்குவதும் மருத்துவர் கையில். துறைமுகம் 24 மணி நேரமும் இயங்குகிறது. அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவோ பெரும்பாலும் பகலோடு முடிகிறது. போனால் கூலி போச்சு. போகாவிட்டால் பல் போச்சு!

சென்னையில் அரசு பல் மருத்துவப் படிப்பு 1953-இல் வந்தது. தூத்துக்குடியில் அரசு மருத்துவக் கல்லூரி 2000-இல் வந்தது. புதுக்கோட்டையில் பல் மருத்துவக் கல்லூரி 2023-இல் திறக்கப்பட்டது. மகிழ்கிறோம். கட்டடம் வளர்ந்தது, கடிகாரம் மாறவில்லையே! மாலை 5 முதல் 9 வரை, தூத்துக்குடியில் அரசு பல் சிகிச்சை வேண்டும். ஈ.எஸ்.ஐ. அட்டை இல்லாத உப்பளத் தொழிலாளிக்கும் அது கிடைக்கவேண்டும்.

தோழர்கள் மேலே சொன்ன கைமுறைகளைப் படிப்பகப் பலகையில் எழுதிவையுங்கள். கோரிக்கைக்குக் கையெழுத்து வாங்கும் வேலையைத் துறைமுகக் கேட்டிலிருந்தே, இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர்களிடமிருந்தே தொடங்கலாம்.