டிக்கெட் காசு அவங்களுக்கு, ஆபத்து நமக்கா?

கொடைக்கானல் போன யாருக்கும் குணா குகையைத் தெரியாமல் இருக்காது. வெள்ளைக்காரன் காலத்தில் அது டெவில்ஸ் கிச்சன். 1991-ல் கமல் படம் வந்தபிறகு பேரே மாறிப்போச்சு. 2006-ல் கேரளாவிலிருந்து வந்த ஒருவர் அங்கே குழிக்குள் விழுந்தார். கயிறு கட்டி இறங்கித் தூக்கியது அவருடைய நண்பர். 2024-ல் அதையே மஞ்ஞும்மல் பாய்ஸ் என்று படமாகப் பார்த்துக் கைதட்டினோம். நட்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிட்டோம். அந்த இடம் யாருடையது?

வனத்துறையுடையது. நுழைவுக் கட்டணம் வாங்குவதும் அவர்கள்தான்.

"தடுப்பைத் தாண்டிப் போனால் அவன் தப்புதானே?" என்பீர்கள். சரி, அவன் தப்பும் உண்டு. அதற்கு ஏற்ப இழப்பீட்டைக் குறைக்கட்டும். ஆனால் காசு வாங்கி ஆளை உள்ளே விடுகிறவனுக்கு ஒரு பொறுப்பும் கிடையாது என்பது எந்த ஊர் நியாயம்?

இங்கிலாந்தில் இதற்கென்றே 1957-ல் தனிச் சட்டம் போட்டார்கள். இடத்தைக் கையில் வைத்திருப்பவர், வருகிறவருக்கு அடிபடாமல் இருக்க நியாயமான கவனம் எடுக்க வேண்டும். 1984-ல் அனுமதியில்லாமல் நுழைந்தவருக்கும் ஓரளவு பாதுகாப்பு கொடுத்தார்கள். 1977-ல் வந்த இன்னொரு சட்டப்படி, வியாபாரம் நடக்கும் இடத்தில் கவனக்குறைவால் உயிர் போனால் "நாங்கள் பொறுப்பல்ல" என்ற போர்டு செல்லவே செல்லாது.

நம்மிடம் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. தீர்ப்புகளை நம்பித்தான் பிழைப்பு. அவையும் ஒரே பக்கம் பேசவில்லை. டெல்லி சாந்தினி சவுக்கில் மணிக்கூண்டு இடிந்து விழுந்த வழக்கில், 80 வருடப் பழைய கட்டடத்தைக் கவனிக்காத மாநகராட்சிதான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 1966-ல் சொன்னது. அதே நீதிமன்றம் 1997-ல், ராஜ்கோட்டில் சாலையோர மரம் விழுந்து ஒருவர் செத்ததற்கு மாநகராட்சி இழப்பீடு தரவேண்டியதில்லை என்றது. 59 பேர் செத்த உப்ஹார் தியேட்டர் தீ விபத்தில் 2011-ல் தியேட்டர்காரரும் மின்வாரியமும் மாட்டினார்கள். லைசென்ஸ் கொடுத்தவர்கள் தப்பித்தார்கள். கட்டடம் விழுந்தால் ஒரு நியாயம், மரம் விழுந்தால் இன்னொரு நியாயம். அப்போ பாறையில் வழுக்கி விழுந்தால்?

"இப்படிப் பொறுப்பைச் சுமத்தினால் மலையையே பூட்டிவிடுவார்கள்" என்று பயமுறுத்துவார்கள். யாரும் பழனி மலைத் தொடர் முழுக்கக் கம்பி வேலி போடச் சொல்லவில்லை. மலை என்றால் வழுக்கும், அது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, இலைதழை மூடிய குழி. மேகம் இறங்கினால் கண்ணுக்கே தெரியாத விளிம்பு. காட்டேஜ் பால்கனியில் ஆடுகிற கைப்பிடி. இடத்துக்காரருக்குத் தெரிந்து, வந்தவருக்குத் தெரியாத ஆபத்து இருக்கிறதே, அதற்குத்தான் அவர் பதில் சொல்ல வேண்டும். அரசாங்கமானாலும் சரி, தனியாரானாலும் சரி.

இப்போது குணா குகையில் இரும்பு வேலி இருக்கிறது. நல்லது. ஆனால் சாவுக்கு அப்புறம் வேலி போடுவதற்குப் பேர் பொறுப்பு இல்லை. விபத்து நடந்தால் நம் பாக்கெட்டிலிருந்து காசு போகும் என்று தெரிந்தால்தான், விபத்துக்கு முன்னாடியே எவனும் வேலி போடுவான். அதற்கு ஒரு சட்டம் வேண்டும். சுற்றுலா ஊர்களை வைத்துச் சம்பாதிக்கிற தமிழ்நாடு அதை முதலில் கொண்டுவந்தால் என்ன குறைந்துவிடும்?