திரைக்குப் பின்னால் என்ன?



சில வருடங்களுக்கு முன் நெதர்லாந்தில் வாழும் என் தங்கையின் வீட்டில் தங்கியிருந்தேன். மருமகன் ஒருநாள் என்னை அம்ஸ்டர்டாம் நகரிலுள்ள ரைக்ஸ்மியூசியம் என்னும் தேசிய நூதனசாலைக்கு அழைத்துச் சென்றான். வழிகாட்டியாக வந்த பெண்மணி எங்களை ஒரு சித்திரத்தின் முன் நிறுத்தினார். உயரம் 82 சென்ரிமீற்றர்தான். யான் ஸ்டேன் (1626–1679) என்ற ஓவியர் 1665க்கும் 1668க்கும் இடையில் வரைந்தது. நமது கரையோரங்களை ஒல்லாந்தர் ஆண்டுகொண்டிருந்த காலம் அது.

சித்திரம் காட்டுவது கிறிஸ்தவர்களின் புனித நிக்கலஸ் விழா. அவர் இன்றைய துருக்கியிலுள்ள மைராவில் பிஷப்பாக இருந்தவர். டிசம்பர் 5ஆம் திகதி இரவுக்காகப் பிள்ளைகள் புகைபோக்கியின் அருகே சப்பாத்துகளை வைப்பது அங்கு வழக்கம். நல்ல பிள்ளைக்கு இனிப்பும் விளையாட்டுச் சாமானும், குழப்படிக்காரனுக்குப் பிரம்பு! புரட்டஸ்தாந்து சபைத் தலைவர்கள் இந்த விழாவை விரும்பவில்லை. ஆனாலும் வீடுகளுக்குள் அது நிலைத்துவிட்டது.

நடுவில் ஒரு சின்னப் பெண்பிள்ளை பொம்மையை இறுக அணைத்துக்கொண்டு நிற்கிறாள். கையில் இனிப்பு நிறைந்த வாளி. உம்மா அவளை நோக்கிக் கை நீட்டுகிறாள். இடப்பக்கத்தில் பெரிய பையன் கண்ணைக் கசக்கி அழுகிறான். அவனுடைய சப்பாத்தில் பிரம்பு! தம்பி அவனைச் சுட்டிக்காட்டிச் சிரிக்கிறான்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. முன்பொரு நாள், பாடம் ஒப்புவிக்கத் தவறிய ஒரு மாணவனை வகுப்பின் முன்னால் நிறுத்திப் பிரம்பால் அடித்தேன். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் தடுக்கவில்லை. நபி (ஸல்) அவர்களுக்குப் பத்து வருடங்கள் பணிவிடை செய்த அனஸ் (ரழி) அவர்களை நபியவர்கள் ஒருமுறையேனும் 'சீ' என்று கடிந்ததில்லை என்பதை அதே வகுப்பில் படித்துக் கொடுத்தவனும் நானே! பிறகு அந்த மாணவன் பாடங்களை ஒழுங்காக ஒப்புவித்தான். ஆனால் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

"பின்னால் நிற்கும் வயோதிபப் பெண்ணைப் பாருங்கள்" என்றார் வழிகாட்டி. பார்த்தேன். வீட்டின் மூத்தம்மா. ஒரு கை கட்டில் திரையைப் பிடித்திருக்கிறது. மறு கை விரலை மடித்து, அழுகிறவனை "இங்கே வா" என்று கூப்பிடுகிறது. திரைக்குப் பின்னால் அவனுக்கும் ஏதோ வைத்திருக்கிறாள் போலும். ஆனால் அவன் இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை.

சகோதரிகளே, விழா அவர்களுடையது. ஆனால் அந்தப் பிள்ளையின் அழுகை நம் வீட்டிலும் கேட்பதுதான். தவறு செய்த பிள்ளையைத் திருத்தத்தான் வேண்டும். அதைத் தனியே அழைத்துச் செய்யுங்கள். தம்பி தங்கைகள் பார்த்துச் சிரிக்க இடம் கொடாதீர்கள். கண்டித்த பிறகு, இரவு படுக்குமுன் அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிப் பக்கத்தில் கூப்பிடுங்கள்.

நான் அந்த மாணவனை அன்று கூப்பிடவில்லை. இன்று அவன் எந்த ஊரில் இருக்கிறான் என்பதும் தெரியாது.